அந்த ஆயாவின் பில்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறேன். வரப்போகும் உள்ளாட்சித் தேர்தலில் என் சித்தப்பா மகள், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு வார்டில் சுயேச்சையாக நிற்கிறாள். கணக்காளர். நன்றாகப் படித்தவள், கை சுத்தம். அவளுக்குப் பிரசார வேலை பார்ப்பது நான்தான். மூன்று மாதமாக அலைகிறோம். கையெழுத்து வாங்கினோம், துண்டறிக்கை அச்சடித்தோம் (இணைத்திருக்கிறேன்), ஆடி மாதம் கோவிலில் கூழ் ஊற்றியபோது ஃபிளாட்டுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு மளிகைச் சாமான் ஹாம்பர் கொடுத்தோம். உழைக்கும் சனங்கள் வாங்கிக்கொள்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு வயதான ஆயா மட்டும் தன் தண்ணீர் பில்லை எடுத்து வந்து காட்டினார். இன்னும் இரண்டு பிளாக் பாக்கி இருந்ததால் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

இவர்களோடு எப்படிப் பேசுவது? எளிமையாக உடுத்த வேண்டுமா? காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டுமா? பேச்சில் கொஞ்சம் தமிழ் கலந்தால் நெருக்கம் வருமா? எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்ததைச் சொல்லலாமா? படித்தவர்களைக் கண்டாலே நம் மக்களுக்கு ஏன் இத்தனை சந்தேகம்?

ச., டர்பன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. டின்னுக்குள் சட்டைப் பித்தான்கள், பழைய சம்பளக் கவர்கள், அப்புறம் பிரித்து விரித்த ஒரு சிகரெட் பெட்டி அட்டை. அந்த அட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். உங்கள் தங்கை ஆபீசுக்கு என்ன உடுத்துவாளோ அதையே உடுத்தட்டும். காரை வாசலிலேயே நிறுத்தட்டும். தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தால் மூன்றாம் மாடியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். தமிழ் கலப்பது வேண்டாம். நீங்களும் நானும் தமிழில் எழுதிக்கொள்வது நம் ஆசை, நம் பாக்கியம். அதை ஓட்டுக்கு இழுக்காதீர்கள். தாத்தா கதையும் வேண்டாம். சாட்ஸ்வர்த்தில் அந்த மாதிரி ஒரு தாத்தா இல்லாத வீடு எது? என் தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் தெரு கூட்டியவர். கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளருக்குக் கொடுத்த மெகசின் பாரக்ஸில் குடியிருந்தவர். 1960களில் அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் இறக்கிவிட்டார்கள். அதைச் சொல்லி நான் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

இப்போது அந்த ஆயாவின் பில்லுக்கு வருகிறேன். தம்பி, எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். மூன்று மாதம் கதவு கதவாகத் தட்டியிருக்கிறீர்கள். ஒரே ஒருவர் உள்ளே போய், பில்லைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நீட்டியிருக்கிறார். வந்திருப்பவள் கணக்காளர். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்கிறீர்களே, பேச்சை அவர் ஆரம்பித்து வைத்தாரே!

அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அம்மா டர்பனில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தார். விடியுமுன் பஸ், வெள்ளிக்கிழமை பழுப்புக் கவரில் சம்பளம். அங்கே மெஷின் ஊசி உடைந்தால் தைப்பவர் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் தடிமனாக வந்தால் ஊசி உடையத்தான் செய்யும். ஒரு தடவை உடைந்த முனை அம்மாவின் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் ஏறிவிட்டது. அந்த நகம் கடைசிவரை நடுவில் கோடு விழுந்துதான் வளர்ந்தது. அந்த ஊசிக்கும் பிடித்தம்.

1983 என்று நினைவு, எனக்குப் பதினைந்து வயது. அயர்ன் பகுதியில் வேலை பார்த்த ஒருவர் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியாக வந்தார். அம்மாவின் மெஷின் பக்கம் வந்து நின்று கேட்டுக்கொண்டார். கையில் தாள் இல்லை, சிகரெட் பெட்டியைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதினார்: வரிசை எண், ஊசி, எத்தனை பேர், எவ்வளவு பிடித்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபிளாட்டுக்கே படியேறி வந்தார். நல்ல சேதி கொண்டுவரவில்லை. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார், என்னால் இதுவரை முடியவில்லை என்றார். ஜனவரியில் மறுபடி வந்தார். பாதி முடிந்தது, ஒரு மாதத்தில் முதல் இரண்டு ஊசிக்குப் பிடித்தம் இல்லை என்றார். அந்த அட்டையை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அதை நாற்பது வருடம் வைத்திருந்தார். "முடியலைன்னு சொல்ல வந்தாரே" என்பார். ஊசிக் காசு திரும்பி வந்ததைப் பற்றி அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அடுத்த வருடம், 1984 ஆகஸ்ட் 28, மூன்று சபை நாடாளுமன்றத்துக்குத் தேர்தல். இந்தியருக்கென்று வெள்ளை அரசாங்கம் ஒரு சபை ஒதுக்கியது, கறுப்பருக்கு ஒன்றுமில்லை. எங்கள் பிளாக்குக்கும் ஒரு வேட்பாளர் வந்தார். அரிசி, எண்ணெய், பருப்பு, நீங்கள் கொடுத்த ஹாம்பர் மாதிரியேதான். ஓட்டுப் போடாதீர்கள் என்று சொன்ன யூடிஎஃப் (ஐக்கிய ஜனநாயக முன்னணி) பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பத் திரும்ப வந்தார்கள், மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மா அரிசியை வாங்கி உலை வைத்தார், ஓட்டுப் போடப் போகவில்லை. பதிவு செய்திருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் அன்று போனார்கள். ஹாம்பர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். சாத்தக் கற்றுக்கொண்ட கதவுகள் அவை.

உங்கள் துண்டறிக்கை 1860, முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த டுரூரோ கப்பல், 1913 போராட்டத்தில் சிறைக்குப் போன வள்ளியம்மை என்று ஆரம்பிக்கிறது. சரி, பழைய கதையைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ஒழுங்காகச் சொல்லுவோம். காந்தி 1894ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஆரம்பித்தபோது குறைந்தபட்சச் சந்தா மாதம் 5 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பாதிச் சம்பளத்தைக் கொடுத்து எந்தக் கூலி வந்து சேருவான்? சேர்ந்தவர்கள் வியாபாரிகளும் குமாஸ்தாக்களும்தான். கட்சி நம்முடையது என்று பெயர், கட்டணம் பார்த்தால் கடைக்காரருடையது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பாலசுந்தரம் என்கிற தமிழ்க் கூலி கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் ரத்தம் ஒழுக காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். எஜமான் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. காந்திக்கு அவர் பேச்சு புரியவில்லை, குமாஸ்தா தமிழர், அவர் சொல்லித்தான் புரிந்தது. காந்தி அன்றைக்கு உரிமை, சாம்ராஜ்யம் என்றெல்லாம் பேசவில்லை. பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பினார், சான்றிதழ் வாங்கினார், நேராக மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார், வேறொரு எஜமானைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தை மாற்றினார். அதாவது, ஒரு வழக்கறிஞர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். கடைசிவரை செய்தார். அதன் பிறகுதான் கூலிகள் அவர் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் ஆயிரக்கணக்கில் அவர்கள் எழுந்தது 1913ல், 3 பவுண்டு வரியை எடுக்க வேண்டும் என்பதும் போராட்டத்தில் சேர்ந்த பிறகு. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கே சுதந்திரமாக இருக்க நினைத்தவர் வருடா வருடம் கட்ட வேண்டிய வரி அது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஒப்பந்தக் காலத்து முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதம்! டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டிய பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் இந்த வரியைப் பற்றித்தான் பேசினார்கள். சுரங்கம் நின்றது. 1914ல் வரி போயிற்று. துண்டறிக்கையில் வள்ளியம்மை படம் போட்ட நீங்கள் இந்த 60 ஷில்லிங் கணக்கைப் போடவில்லையே.

இதே சாட்ஸ்வர்த்தில் 1999 தேர்தலுக்கு முன் பாத்திமா மீர் வந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பேராசிரியர், மண்டேலாவின் சிநேகிதி. வெள்ளையர் தலைமையிலான கட்சிகளுக்கு இந்தியர்கள் ஓட்டுப் போட வேண்டாம் என்று சொல்ல வந்தவர், ஃபிளாட்டுகளுக்குள் இருந்த வறுமையைப் பார்த்தார். வாடகை பாக்கி, தண்ணீர் வெட்டு, வெளியேற்ற நோட்டீஸ். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அந்த வெளியேற்றங்களை எதிர்த்து நின்றார், தான் ஆதரித்த கட்சியின் நகராட்சியையே எதிர்த்து.

"நம் மக்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார்? உங்கள் வார்டில் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதிக்குப் போனீர்களா? துண்டறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் உட்காரும் இந்தியப் பெண்ணும், வாசலில் நிற்கும் ஜூலு செக்யூரிட்டியும் வாங்குவது ஒரே மாதிரிக் கூலி, ஏறுவது ஒரே ஷேர் டாக்ஸி. 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்டு 79 சென்ட் ஆனது, இருவருக்கும் அதே சட்டம்தான். உங்கள் தங்கை டர்பனில் பிறந்து வளர்ந்தவள், ஜூலுவில் நலம் விசாரிப்பதற்கு மேல் நாலு வாக்கியம் பேசுவாளா? தமிழ் கலக்கலாமா என்று கேட்டதற்கு நான் எரிச்சல்பட்டது இதனால்தான்.

நான் மேலே சொன்ன ஷாப் ஸ்டூவர்ட் உம்லாசியைச் சேர்ந்த ஜூலு. அவருக்கு ஓட்டை ஆங்கிலம், அம்மாவுக்கு ஓட்டை ஜூலு. முதல் ஞாயிறு அவர் வந்தபோது எங்கள் பாட்டி, வெளியாட்களுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரை எடுத்தார். அப்போது எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு, எழுதவே கூசுகிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ரோஜாப்பூ போட்ட கப்பைக் கழுவி அதில் டீ ஊற்றினார்.

இன்னும் ஒன்று. அம்மா காலத்தில் வேட்பாளர் தொழிற்சாலை கேட்டில் நின்றால் ஆயிரம் பேரைப் பார்க்கலாம். 1990களில் இறக்குமதி வரியைக் குறைத்து மலிவுத் துணி வந்து குவிந்த பிறகு அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று கடை, கால் சென்டர், செக்யூரிட்டி என்று ஆளுக்கொரு ஷிஃப்டில் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் போனால் பாதிப் பேர் வேலையில். இரவு ஏழு மணிக்கு மேல் போங்கள். தேர்தல் நாள் பொது விடுமுறை, ஆனால் செக்யூரிட்டிக்கு ஏது விடுமுறை? முன்கூட்டியே விண்ணப்பித்து, தேர்தல் நாளுக்கு முன்பே சிறப்பு வாக்கு போடலாம் என்பதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? 2016 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் பதிவு செய்தவர்களில் 58 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 2021ல் 46. உங்கள் தங்கைக்கு எதிர் வேட்பாளர்களைவிட இந்த வராதவர்கள்தான் கவலை.

துண்டறிக்கையின் ஒன்பது வாக்குறுதிகளில் மருத்துவமனையை எடுத்துவிடுங்கள். ஆர்.கே.கான் மாகாண அரசுடையது. போலீஸ் நிலையத்தையும் எடுத்துவிடுங்கள், அது தேசிய அரசுடையது. தண்ணீர், கரண்ட், குப்பை, தெருவிளக்கு, இவைதான் நகராட்சி.

சுயேச்சையாக வார்டில் நிற்க அதே வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்து வேண்டும். அந்த 50 பேர் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. கையெழுத்து வாங்கியதற்கு அப்புறம் அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு மறுபடி போனீர்கள்? கடிதத்தில் இல்லை, போகவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அதற்கும் முன்னால் அந்த ஆயா. போனில் இருக்கும் படத்தைத் தங்கைக்கு அனுப்புங்கள், அவள் இன்றிரவே உட்கார்ந்து படிக்கட்டும். மீட்டரைப் பார்த்து எழுதிய கணக்கா, உத்தேசக் கணக்கா? பில்லில் இருக்கும் மீட்டர் எண்ணும் சுவரில் இருக்கும் மீட்டர் எண்ணும் ஒன்றா? வழக்கத்தைவிட எந்த மாதத்தில் ஏறியது? ஏறியிருந்தால் தரைக்கடியில் குழாய் ஒழுகுகிறதா? எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பார்த்தாலே தெரியும். முதியோருக்கான சலுகைக்கு விண்ணப்பித்தாரா? பாக்கி ஏறினால் தண்ணீர் வரத்தைக் குறைக்கும் கருவியைக் குழாயில் மாட்டிவிடுவார்கள், ஒரு வாளி நிறைய வெகுநேரம் நிற்க வேண்டும். எழுபது வயதில் நிற்க முடியுமா? புகார் கொடுத்து ரெஃபரன்ஸ் நம்பரை வாங்கி, அதை ஆயாவின் கையில் எழுதிக் கொடுங்கள். நகராட்சி முடியாது என்று சொன்னால், முடியாது என்று சொன்னார்கள் என்பதையும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் அல்ல, படியேறிப் போய்.

அவர் டீ கொடுப்பார். உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த பிளாக் காத்திருக்கட்டும். பில் என்னவாயிற்று என்று எனக்கு எழுதுங்கள். தேர்தல் முடிவை அப்புறம் எழுதினால் போதும்.

அன்புடன்,
அக்கா