ஜெபத்தை எத்தனை தடவை முதலிலிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சண்டே ஸ்கூலில், பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். இன்று அதே அதிகாரத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

காலையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது மனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்குவேன். ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற இடம் வந்ததும், என்னோடு பேசாமல் இருக்கும் சக ஆசிரியையின் முகம் வரும். அவளை உண்மையாகவே மன்னித்தேனா? மறுபடியும் முதலிலிருந்து. இதனால் பஸ்ஸை விட்ட நாட்கள் உண்டு. அதைவிடக் கொடுமை, ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது ஆண்டவரைப் பற்றியே அசிங்கமான வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பே இல்லை என்று மாற்கு 3இல் இருக்கிறதே, அதைச் செய்துவிட்டேனோ? சில மாதங்களாகத் திருவிருந்து எடுப்பதில்லை. கன்வென்ஷன் கூட்டத்தில் ‘ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்’ என்றால் ஒவ்வொரு முறையும் உயர்த்துகிறேன். ராத்திரி எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில், ‘நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா அம்மா?’ என்று கேட்பேன். ‘நிச்சயமா, நிம்மதியா தூங்கு’ என்பார். அது ஒரு மணி நேரம் தாங்கும்.

இது பிசாசின் போராட்டம், உபவாச ஜெபத்துக்குப் போவோம் என்கிறார் என்னைப் பெற்ற அம்மா. ‘ஆவிக்குரிய ஆசீர்வாதம் எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு, அதை விசுவாசிச்சு வாழ், அவ்வளவுதான்’ என்கிறான் அண்ணன். எனக்குத் தெரியாதா? அந்த விசுவாசம்தானே வரமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிசாசும் தெரியவில்லை, அவிசுவாசமும் தெரியவில்லை. தெரிவது, ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சாயல். கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, மனநல மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கையைக் கழுவிக்கொண்டே இருப்பதுதான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். பக்தியுள்ளவர்களிடம் அது பக்தியையே பிடித்துக்கொள்ளும். நமக்கு எது மிகவும் அருமையானதோ அங்கேதான் கை வைக்கும். பச்சைப் பிள்ளையை உயிராக நினைக்கும் தாய்க்கு, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வருவதுண்டு. உங்களுக்கு வரும் தூஷண வார்த்தையும் அந்த வகைதான். பின்னாளில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர், 1505இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில் துறவியாகச் சேர்ந்தபின், மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து தன் வழிகாட்டி ஸ்டாபிட்ஸையே சலிக்க வைத்தவர். அவருக்கு நோய்ப்பெயர் சூட்ட நான் தயாரில்லை. உங்களுக்குத் துணைக்கு ஆள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

மாற்கு 3 பற்றி ஒரே ஒரு முறை சொல்கிறேன். பிசாசுகளின் தலைவனைக் கொண்டு பிசாசுகளைத் துரத்துகிறான் என்று இயேசுவைப் பழித்த வேதபாரகரைப் பார்த்து அவர் சொன்னது அது. வேண்டாத எண்ணம் வந்து நடுங்குகிறவர்களைப் பார்த்துச் சொன்னது அல்ல. இதற்கு மேல் விளக்கினால் நானும் இன்னொரு ஐயரம்மா ஆகிவிடுவேன். அவர் மேல் குறை இல்லை. ஆனால் ‘நிச்சயமா’ என்ற பதில் வந்ததும் பயம் அடங்குகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் மறுநாளும் கேட்க வைக்கிறது. பூட்டை இழுத்துப் பார்க்கிறவர் இழுக்க இழுக்கச் சந்தேகம்தான் கூடுகிறது.

இப்போது நீங்கள் திறக்கப் பயப்படும் எபேசியருக்கு வருவோம். எபேசு மந்திரத்துக்குப் பேர்போன ஊர். ‘எபேசு எழுத்துகள்’ என்று பொருள் விளங்காத ஆறு சொற்கள் அந்தக் கால உலகத்தில் பிரபலம். தாயத்தில் எழுதிக் கட்டிக்கொள்வார்கள், பேயோட்ட உச்சரிப்பார்கள். அப்போஸ்தலர் 19இல் விசுவாசிகள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்களே, அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அப்படிப்பட்ட வழக்கத்தில் வளர்ந்தவர்கள் இருந்த ஊருக்குத்தான் அந்த நிருபம் போகிறது. மந்திரம் பலிக்க வேண்டுமென்றால் சொல் பிசகக் கூடாது. பவுலோ சிறையில் இருந்துகொண்டு, உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொண்டார், பிள்ளைகளாக்கிக்கொண்டார், பாவமன்னிப்பு தந்தார், ஆவியால் முத்திரை போட்டார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இதில் எது நீங்கள் மனம் சிதறாமல் ஜெபித்ததால் கிடைத்தது? பரமண்டல ஜெபத்தை நீங்கள் இப்போது சொல்லும் விதம், மன்னிக்கவும், எபேசு எழுத்துகளைச் சொல்லும் விதம்.

அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. விசுவாசம் என்றால் நெஞ்சில் ஒரு உறுதி ஊறிவர வேண்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில், உங்களைப் போன்றவர்களுக்கு அது அந்த வழியில் வருவதில்லை. கொடுத்தாகிவிட்டது என்றால் சரிபார்ப்பதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் விசுவாசம். பயம் கூடவே இருந்தாலும் சரி. பவுலும் மூன்று அதிகாரம் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு, நாலாவதில் பொய் பேசாதே, திருடினவன் கையால் உழைக்கட்டும் என்று அன்றாட விஷயத்துக்கு வந்துவிடுகிறார்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? ஜெபத்தை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். அந்த ஆசிரியையின் முகம் வந்தால் வரட்டும், அப்படியே ஆமென் வரை போங்கள். உள்ளே ‘இது செல்லாது’ என்று அலறும். அதற்குப் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போங்கள். பதற்றம் ஏறும், அப்புறம் தானாக இறங்கும். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஐயரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் கேள்விக்கு இனி ஆமா, இல்லை என்று பதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கன்வென்ஷனில் கை கீழேயே இருக்கட்டும். திருவிருந்துக்குத் திரும்பிப் போங்கள், எண்ணம் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையே முறைப்படி, படிப்படியாகச் செய்ய வைக்கும் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசமா என்று அம்மா கேட்டால், தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் சொன்ன வைத்தியத்தை (1 தீமோத்தேயு 5:23) காட்டுங்கள். அவரோடு சண்டை வேண்டாம், ஜெபிக்கட்டும். உபவாசத்தில் உங்களைப் பட்டினி போடுவது மட்டும் வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் அந்த அசிங்கமான வார்த்தைகள் வருவதையும் ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பலர் ‘தூக்கம் வரலை டாக்டர்’ என்று மட்டும் சொல்லி, தூக்க மாத்திரையோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.