மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லியில பன்னி பூந்தா கரண்ட் கம்பி கட்டலாமா?

கேள்வி: சார், குடியாத்தத்துலருந்து மோர்தானா போற பக்கம் நமக்கு ரெண்டரை ஏக்கர் மானாவாரி மல்லாட்டை. போன வருஷம் காட்டுப்பன்னி பாதிய தோண்டிப் போட்டுடுச்சு. மோட்டார் கொட்டாயிலருந்து ஒரு லைன் இழுத்து ராத்திரிக்கு மட்டும் கம்பியில குடுத்துடுன்றாங்க ஊர்ல. சோலார் வேலிக்கு கையில காசு இல்ல. என்ன பண்றது?

பதில்: தம்பி, மத்தது அப்புறம், அந்த லைன் மட்டும் வேணவே வேணாம். 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் பன்னிக்குன்னு கட்டின கம்பியில 3 யானை செத்துச்சு, ரெண்டு குட்டிங்க மட்டும் தப்பிச்சு பக்கத்துலயே சுத்தினு இருந்துச்சுங்க. ஆந்திரா கவுண்டின்யா காட்டுலருந்து எல்லை தாண்டி உங்க பக்கமும் பேரணாம்பட்டு பக்கமும் யானை வந்துட்டு போவுது, அது உங்களுக்கே தெரியும். யானை செத்தா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 3 வருஷத்துலருந்து 7 வருஷம் உள்ள. விடியக்காலம் ஸ்விட்ச ஆஃப் பண்ண மறந்துட்டு நீங்களே கொல்லிக்கு போனீங்கன்னா அதுக்கு எந்தச் சட்டமும் வேணாம். அவுட்டுக்காயும் (தீனிக்குள்ள வெடி வெச்சு போடறது) அப்டித்தான், மேய வந்த மாடு கடிச்சா தாடையே போயிடும்.

பன்னிக்கு கண்ணு மட்டு, மூக்குதான் எல்லாம். விதை போட்ட மொத பத்து நாள் மண்ணுக்குள்ள இருக்கற பருப்பு வாசனைக்கு வரும், அப்புறம் காய் பிடிச்சதுலருந்து பிடுங்கற வரைக்கும் வரும், நடுவுல வெறும் செடி இருக்கறப்ப அவ்ளோவா சீண்டாது. நூத்தி சொச்சம் நாள் பயிருக்கு முழுக்க ராக்காவல் இருந்து ஒடம்ப கெடுத்துக்காதீங்க, இந்த ரெண்டு டைம்ல மட்டும் மொத்த பலத்தையும் போடுங்க.

விதைப்பு சமயத்துக்கு சலூன்லருந்து முடி வாங்கினு வந்து வரப்பு ஓரமா ஒரு அடி அகலத்துக்கு தூவுங்க, மண்ண மோந்துகினே வர்ற பன்னிக்கு மூக்குல முடி ஏறினா திரும்பிடும், மழை பேஞ்சா மறுபடி தூவணும், அவ்ளோதான். விதைக்கும்போதே சுத்தி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமா போட்டுடுங்க, காய் பிடிக்கற நேரத்துல அது ஆள் உயரத்துக்கு நிக்கும், பன்னி அத தின்னாது, மல்லாட்டை வாசனையும் கொஞ்சம் அமுங்கும், கொட்டை வித்தா செலவுக்கும் ஆச்சு. பழைய பொடவை கட்றது, டப்பா தட்றது எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், பழகிடுச்சுன்னா பொடவைக்கு அடியிலயே பூந்து வரும், அதனால மாத்தி மாத்தி பண்ணுங்க.

சோலார் வேலியும் ஷாக்குதானன்னு கேப்பீங்க. அது பேட்டரியிலருந்து செகண்டுக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கற நேரத்துக்கும் கம்மியா சுளீர்னு அடிச்சுட்டு விட்டுடும், ஈபி லைன் விடாம ஓடும், தொட்டவன் கைய எடுக்கவே முடியாது, அதான் வித்தியாசம். காசு இல்லன்னீங்க இல்ல, பக்கத்து கொல்லிக்காரங்கள சேத்துக்குங்க. சதுரமா இருக்கற ஒரு ஏக்கருக்கு சுத்தளவு ஏறக்குறைய 255 மீட்டர், அதே நாலு ஏக்கர் ஒண்ணா சேந்தா 510 மீட்டர்தான், ஆளாளுக்கு தனியா போட்டா ஆகறதுல பாதி. வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல மானியம் கேளுங்க. 2023ல வேலிக்குன்னே தனி விதி வந்திருக்கு, வனத்துறைகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டு போடுங்க. கீழ் கம்பி தரையிலருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும், அதுல புல்லு பட்டா பவர் எறங்கிடும், நெறைய பேர் கோட்ட விடறது இங்கதான்.

சுடறதுக்கு பெர்மிஷன் குடுத்துட்டாங்களாமேன்னு அடுத்து கேப்பீங்க. 2025 ஜனவரியில அரசு சொன்னது, காப்புக்காட்டுலருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 1லருந்து 3 வரைக்கும் புடிச்சு காட்டுல விடணும், 3க்கு அப்பால வனத்துறைக்காரங்க சுடலாம். நாம இல்ல, அவங்க. மோர்தானா பக்கம்னா காடு உங்க வாசல்லயே இருக்கு, அத நம்பினு உக்காராதீங்க. என்னக் கேட்டா அங்க பன்னி இருக்கறதே நல்லதுதான், சிறுத்தைக்கு காட்டுல எரை இருந்தாதான் உங்க ஆட்டுப்பட்டிய எட்டிப் பாக்காது.

சேதம் ஆச்சுன்னா கொல்லிய சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துடுங்க, சிட்டா அடங்கலோட விஏஓவையும் ரேஞ்சரையும் பாத்து இழப்பீட்டுக்கு மனு குடுங்க. இப்ப மொத வேலையா காலையில ஈரம் காயறதுக்கு முன்னாடி வரப்பு சுத்தி தடம் பாருங்க, பன்னி பழகின வழியிலதான் மறுபடி மறுபடி வரும், பெரும்பாலும் பகல்ல படுத்துக்கற சீமைக் கருவேலம் புதர் பக்கம்தான் இருக்கும். முடியோ ஆமணக்கோ, அந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிங்க.