ராமோன்ஸ் ஆவணப்படம்: கேட்டவர்களுக்குப் பதில்

‘எண்ட் ஆஃப் த செஞ்சுரி’ படத்தைப் பங்க் இசை தெரியாதவர்கள் பார்க்கலாமா?

தாராளமாக. ஜிம் ஃபீல்ட்ஸும் மைக்கேல் கிராமாக்லியாவும் இயக்கிய படம். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் 1974இல் தொடங்கிய ராமோன்ஸ் என்ற பங்க் (வேகமான, முரட்டு ராக்) இசைக்குழுவின் கதை. புகழ்மாலை சூட்டும் படம் அல்ல என்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

நால்வரும் அண்ணன் தம்பிகளா?

இல்லை. மேடைக்காக வைத்துக்கொண்ட பொதுக் குடும்பப்பெயர்தான் ராமோன். பால் மெக்கார்ட்னி ஒரு காலத்தில் பால் ரமோன் என்று புனைபெயர் வைத்திருந்தார், அங்கிருந்து எடுத்தது.

பாடகர் ஜோயியும் கிட்டார் கலைஞர் ஜானியும் பேசிக்கொள்ளவே மாட்டார்களாமே?

உண்மை. ஜோயியின் காதலி லிண்டா அவரைவிட்டு விலகி ஜானியுடன் சேர்ந்தார். பிறகு ஜானியையே மணந்துகொண்டார். அதற்கு முன்பே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஜானி கறாரான வலதுசாரி, ஜோயி இடதுசாரி. ஆனாலும் 1996இல் குழு கலையும்வரை ஒரே மேடையில் நின்றார்கள். மொத்தம் 2,263 கச்சேரிகள்! ஜோயி 2001இல் புற்றுநோயில் இறந்தார். சாகக் கிடந்தவரிடம் பேசாததைப் பற்றி ஜானி கேமரா முன் சொல்லும் இடம்தான் படத்தின் உயிர். நல்லவராகத் தெரிய அவர் கொஞ்சமும் மெனக்கெடுவதில்லை. பலர் அவரை வில்லன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய கண்டிப்பு இல்லாவிட்டால் குழு ஐந்து வருடம்கூடத் தாங்கியிருக்காது.

கிட்டார் கற்கிறேன். இவர்கள் வாசிப்பது எளிதுதானே?

கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பவை) எளிது, கை எளிதல்ல. ஜானி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். மற்றவர்கள் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு வில்லையை) கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி அடித்துப் பாதி உழைப்பை மிச்சப்படுத்துவார்கள். ஒரே திசையில் அடித்தால்தான் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். அதே வேகத்தில் ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

இவ்வளவு பெரிய குழு அமெரிக்காவில் ஏன் விற்கவில்லை?

வானொலி இவர்களைச் சீண்டவில்லை. சுமார் 6,400 டாலரில் பதிவான முதல் ஆல்பம் 1976இல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 111ஆம் இடத்தோடு நின்றது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தபோது கிடைத்த வரவேற்பே வேறு. கடைசிக் காலத்தில் அர்ஜென்டினா ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1996இல் பியூனஸ் அயர்ஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் வாசித்தார்கள். முதல் ஆல்பத்துக்கு அமெரிக்காவில் விற்பனைக்கான கோல்டு சான்றிதழ் கிடைத்தது 2014இல். அப்போது அந்த நால்வரில் டிரம்ஸ் வாசித்த டாமி மட்டுமே உயிரோடிருந்தார். அதே ஜூலையில் அவரும் போய்விட்டார்.

ராமோன்ஸ் டி-ஷர்ட்டில் இருக்கும் கழுகு?

அமெரிக்க அதிபர் முத்திரையைக் கிண்டலாக மாற்றி ஆர்தூரோ வேகா வரைந்தது. அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டை.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

முதல் ஆல்பம். 14 பாடல்கள், 29 நிமிடம். பிடிக்காவிட்டாலும் அரை மணி நேரம்தான் நஷ்டம்.