போன் 'வந்துவிட்டீர்கள்' என்கிறது, பெட்டியைக் காணோம்

கேள்வி: நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. வகுப்புத் தோழன் சொன்னான் என்று ஜியோகேஷிங் (யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டு) செயலியை இறக்கி, இரண்டு சனிக்கிழமை ரூஜ் காட்டுப் பக்கம் போனோம். நாலு இடம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. போன் 'வந்துவிட்டீர்கள்' என்கிறது. சுற்றிவரச் சருகுதான் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. எங்கே பிழை விடுகிறோம்? நாங்களே ஒரு பெட்டி ஒளித்து வைக்கலாமா?

பதில்: காட்டில் தொடங்கியதுதான் முதல் பிழை. ஜிபிஎஸ் உங்களைப் பெட்டி இருக்கும் வட்டத்துக்குள் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். வெட்டவெளியில் போனின் கணக்கு 3 முதல் 5 மீற்றர் வரை தவறும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே 10 மீற்றரும் தவறலாம். ஒளித்து வைத்தவரின் போனிலும் இதே தவறு இருந்திருக்கும், இரண்டும் கூடும். 5 மீற்றர் ஆரமுள்ள வட்டம் ஏறக்குறைய 78 சதுர மீற்றர். ஆரம் 10 ஆனால் 314. எட்டு வயதுப் பிள்ளை சருகுக்குள் 314 சதுர மீற்றரைக் கிளறினால் அலுக்காமல் என்ன செய்யும்?

இதுவே பெரிய முன்னேற்றம் என்றால் நம்புவீர்களா? 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. தவறு 100 மீற்றர் வரை போகும். அதை நிறுத்திய கையோடு, மே 3ஆம் திகதி, ஒறிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியை வைத்து அதன் ஆள்கூறுகளை (இடத்தைக் காட்டும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) இணையத்தில் போட்டார். விளையாட்டு அங்கேதான் தொடங்கியது.

முதல் ஐந்து பெட்டிகளை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுங்கள். வகை 'ட்ரடிஷனல்' ஆக இருக்கட்டும்: கொடுத்த ஆள்கூறிலேயே பெட்டி இருக்கும். 'மல்ட்டி' என்றால் ஓரிடத்தில் அடுத்த இடத்துக்கான குறிப்புத்தான் கிடைக்கும். 'மிஸ்ட்ரி'யில் வரைபடத்தில் தெரியும் இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இராது. புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் வரும். அதைக் கவனிக்காமல் பொய்ப் புள்ளியில் நின்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, கண்டுபிடிக்கும் கடினத்துக்கும் போய்ச்சேரும் நிலத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை நட்சத்திரம் இருக்கும். இரண்டும் 1.5க்கு மேற்படாதவற்றை எடுங்கள். நிலம் 5 என்றால் படகோ கயிறோ தேவைப்படும். அளவையும் பாருங்கள். 'மைக்ரோ' 100 மில்லிலீற்றருக்கும் குறைவு. அதிலும் சில, விரல் நுனி அளவுக் காந்தக் குமிழ்கள். பிள்ளைகளோடு போகும்போது 'ஸ்மோல்' (1 லீற்றருக்குள்) அல்லது 'ரெகுலர்' (1 முதல் 20 லீற்றர்) நல்லது. உள்ளே விளையாட்டுச் சாமான் இருக்க இடமுள்ளவை இவைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெட்டியின் பக்கத்தில் தேடியவர்கள் இட்ட கடைசி ஐந்து பதிவுகள். கடந்த மாதம் யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா? கடைசி மூன்றும் 'கிடைக்கவில்லை' என்றால் பெட்டி போயிருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் நாலில் ஒன்றிரண்டு அப்படிப்பட்டவையாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. 'ஹிண்ட்' குறிப்பையும் வாசித்துவிட்டே புறப்படுங்கள். அது ஏமாற்று வேலை அல்ல. ஒளித்தவர் அதைத் தேடுகிறவருக்காகத்தான் எழுதி வைக்கிறார்.

ஆள்கூறுகளை வேறு வரைபடத்தில் கையால் அடிக்கிறீர்களா? அப்படியானால் வடிவத்தைக் கவனியுங்கள். இந்த விளையாட்டில் பாகையும் தசம நிமிடமும் எழுதுவார்கள்: வடக்கு 43° 47.500′ என்பது ஸ்காபரோவுக்குள். அதையே 43.47500 என்று அடித்தால் 35 கிலோமீற்றர் தெற்கே, ஒன்ராறியோ ஏரிக்குள் நிற்பீர்கள். 47 நிமிடம் 50 விநாடி என்று வாசித்தால் 600 மீற்றருக்கு மேல் வடக்கே தள்ளும். இந்த இரண்டாவது பிழைதான் பொல்லாதது. வந்து நிற்கும் இடமும் பூங்காதானே, சந்தேகமே வராது.

இனிக் கடைசி இருபது மீற்றர். பயணத்துக்கு முன் வரைபடத்தையும் பெட்டிப் பக்கத்தையும் போனில் சேமியுங்கள், பள்ளத்தாக்கில் சமிக்ஞை விட்டு விட்டு வரும். துல்லிய இருப்பிட அனுமதியைத் திறந்து, மின்கலச் சேமிப்பை நிறுத்துங்கள். இலக்குக்கு 20 மீற்றர் இருக்கும்போது ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், எண் அமைதியாகட்டும். திசைமுள் தாறுமாறாகச் சுழன்றால் போனை எட்டு வடிவில் சிலதரம் ஆட்டுங்கள். பிறகு ஒரு பக்கத்திலிருந்து நடந்து, தூரம் ஆகக் குறையும் இடத்தில் ஒரு தடியை வையுங்கள். வேறு இரண்டு பக்கத்திலிருந்தும் அப்படியே வாருங்கள். மூன்று தடிகளுக்கு நடுவே தேடலைத் தொடங்கி, போனைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். போனில் தூரம் பூச்சியமாகும் புள்ளியைத் துரத்திக்கொண்டு அங்குமிங்கும் அலைவதுதான் புதியவர்களின் நேரத்தைத் தின்னும் பழக்கம்.

இப்போது கண்ணுக்கு வேலை. 'நானாக இருந்தால் இங்கே எங்கே ஒளிப்பேன்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இயற்கையில் கிளைகள் ஒரே நீளத்தில் வரிசையாக விழாது. மரப்பொந்தின் வாயில் அப்படி அடுக்கியிருந்தால் யாரோ அடுக்கியதுதான். விழுந்த மரத்தின் நுனி, மற்றவற்றோடு ஒட்டாத ஒரு கல், பைன் கிளைக்குள் தொங்கும் சிறு குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். நகருக்குள் என்றால் இருக்கையின் அடிப்பக்கம், தடுப்புக் கம்பியின் பின்பக்கம். மண்ணைத் தோண்ட வேண்டாம், நிலத்துக்குரியவரின் அனுமதியில்லாமல் தோண்டிப் புதைப்பதை விதியே தடுக்கிறது. இருபது நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று பதிந்துவிட்டு வாருங்கள். வெட்கப்பட்டு அதை மறைத்தால் அடுத்த குடும்பமும் வெறுங்கையோடு திரும்பும்.

ரூஜில் பெட்டியைவிடக் கவனமாகத் தேட வேண்டியது உண்ணியை. லைம் நோயைக் கடத்தும் கருங்கால் உண்ணி அங்கே இருக்கிறது. 4 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் இருந்தாலே நடமாடும், கோடையில் மட்டும் என்று எண்ண வேண்டாம். நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகுங்கள். உண்ணியை விரட்டும் டீட் அல்லது ஐகாரிடின் மருந்தைப் பூசுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலுக்கு மிகக் கிட்ட உண்ணியைப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்போ எண்ணெயோ வைக்காதீர்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தது என்று தோன்றினால், கழற்றிய 72 மணித்தியாலத்துக்குள் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். ஒன்ராறியோவில் 2023இலிருந்து உண்ணிக்கடிக்கு மருந்தாளரே மருந்து எழுதலாம். பட்டால் தோல் அரிக்கும் பொய்சன் ஐவிச் செடியும் உண்டு: மூன்று இலைகள், நடு இலைக்கு நீளமான காம்பு. பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், உடுப்பையும் தோய்த்துவிடுங்கள்.

பெட்டி அகப்பட்டால் உள்ளே இருக்கும் தாளில் திகதியும் பெயரும் எழுதுங்கள். எழுதாவிட்டால் கணக்கில் சேராது. பென்சில் கொண்டுபோங்கள், ஈரத்தாளிலும் குளிரிலும் பேனை எழுதாது. சாமான் ஒன்றை எடுத்தால் அதே பெறுமதிக்கோ கூடவோ வையுங்கள். தின்பண்டம் வேண்டாம், ரக்கூன் பெட்டியைக் கடித்துக் கொண்டுபோகும். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது பரிசு அல்ல, பெட்டிக்குப் பெட்டி பயணிப்பது. எடுத்தால் அடுத்த பெட்டியில் வைக்க வேண்டும். மூடும்போது விளிம்பில் பையின் நுனியோ புல்லோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாள் நனைவதற்கு அடிக்கடி காரணம் இதுதான். இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வையுங்கள். 'இன்னும் நல்ல இடம்' தேடிக் கொடுக்காதீர்கள்.

சொந்தப் பெட்டிக்கு அவசரம் வேண்டாம். இருபது பெட்டியாவது கண்டுபிடித்தால் எது தாங்கும், எது நனையும் என்று கைக்கே தெரிந்துவிடும். ஒளிக்கும் இடத்துக்கு நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா பார்க்ஸ் கனடாவின் பொறுப்பில் உள்ளது, அவர்களைக் கேட்காமல் வைக்கக்கூடாது. வேறு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். வெளியாகுமுன் தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் இதையெல்லாம் பார்ப்பார். ஆள்கூறை வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.

பெட்டிக்கு நாலு பக்கமும் கொக்கி பூட்டும், ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டுப் பெட்டி போதும். உள்ளே உலர்ந்த ரிஷ்யூவை வைத்துப் பூட்டி, கல் பாரம் ஏற்றி, ஒரு வாளித் தண்ணீருக்குள் ஓரிரவு விடுங்கள். அடுத்த இரவு உறைபெட்டியில் வைத்து, விறைத்த நிலையிலேயே கொக்கிகளைப் பத்துத்தரம் திறந்து மூடுங்கள். மலிவான பிளாஸ்ரிக் இங்கேயே உடைந்துவிடும். ரிஷ்யூ நனைந்தாலும், ஒரு கொக்கி விட்டாலும் அந்தப் பெட்டியைச் சமையலறைக்கே திருப்பிக் கொடுங்கள்.