பச்சிளங்குழந்தையின் இதயத்தில் ஓட்டை: ஆறு வாரம் காத்திருக்கலாமா?

கேள்வி: பிறந்து 12 நாட்களான எங்கள் மகளின் இதயக் கீழறைகளுக்கு இடையே உள்ள தசைச் சுவரில் 2 மி.மீ. ஓட்டை இருப்பதாக எக்கோ பரிசோதனையில் தெரிந்தது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் பலமாகக் கேட்கிறது என்கிறார்கள். ஆனால் மருந்து எதுவும் தராமல், ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். இது சரிதானா?

பதில்: சரியான ஆலோசனைதான். பிறவி இதயக் குறைபாடு ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகைகளில் ஒன்று இது. சத்தத்தை வைத்து ஓட்டையின் அளவை முடிவு செய்ய முடியாது. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுவதைப் போல, சிறிய ஓட்டையில்தான் ரத்தம் பீறிட்டுப் பலமாக ஒலிக்கும். பெரிய ஓட்டையில் சத்தம் மெலிதாகவும் இருக்கலாம்.

ஆறு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. கருவில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை என்பதால் அதன் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். பிறந்தபின் அது சில வாரங்களில் படிப்படியாகக் குறையும்போதுதான், இடப்பக்கத்து ரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் கடந்து நுரையீரலுக்குக் கூடுதலாகப் பாயத் தொடங்கும். எனவே பெரிய ஓட்டை உள்ள குழந்தைகூட முதல் வாரத்தில் நலமாகத் தோன்றி, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் சிரமப்படத் தொடங்கலாம். இந்த இடைக்காலத்தில் வீட்டில் நீங்கள் கவனிப்பது மிகவும் மதிப்புடையது.

பால் குடிக்கும் நேரத்தை முதலில் கவனியுங்கள். நாலைந்து முறை உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்குவதற்காக நிறுத்துவது, நெற்றியில் வியர்வை அரும்புவது, வயிறு நிறையும் முன்பே களைத்து உறங்கி, சிறிது நேரத்தில் பசித்து அழுவது ஆகியவை இதயம் திணறுவதன் முதல் அடையாளங்கள். குழந்தை அயர்ந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மீண்டும் மீண்டும் 60-ஐத் தாண்டினாலோ, விலாப்பகுதி உள்வாங்கினாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. எடையை வாரம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் பாருங்கள். இந்த வயதில் நாளொன்றுக்குச் சராசரியாக 25 முதல் 30 கிராம் கூட வேண்டும். குளிரில் கை கால்கள் மட்டும் சற்று நீலம் பாரிப்பது இயல்பு. நாக்கோ உதட்டின் உட்புறமோ நீலமானால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாய்ப்பாலையும் தடுப்பூசிகளையும் வழக்கம்போலவே தொடரலாம். அழுதால் இதயத்துக்கு ஆபத்து என்று பயந்து குழந்தையை எந்நேரமும் தூக்கி வைத்திருக்கவும் தேவையில்லை. கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களுக்குள் இதயம் உருவாகும்போதே இக்குறை ஏற்பட்டுவிடுகிறது, பெரும்பாலும் காரணமும் தெரிவதில்லை. ஆகவே தாயின் மீது யாரும் பழி சுமத்த இடம் கொடுக்காதீர்கள்.

தசைச் சுவரில் உள்ள சிறிய ஓட்டைகள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய ஓட்டைகளுக்கு மருந்தும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகக் கெடுவதற்குள் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். அடுத்த பரிசோதனைக்கு எடையையும் மூச்சு எண்ணிக்கையையும் குறித்த தாளைக் கொண்டு செல்லுங்கள். கூடுதல் ரத்த ஓட்டத்தால் இதயத்தின் இடப்பக்க அறைகள் விரிந்திருக்கின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.