வழிகாட்டி நாயை அடிக்காமல் பழக்குவது எப்படி? – கேள்வி பதில்

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை வெகுமதி கொடுத்துப் பழக்குவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

தீனி கொடுத்தே பழக்கினால், தீனி இல்லாத அன்று நாய் வேலை செய்யுமா?

செய்யும். தீனியை முன்னால் காட்டி வேலை வாங்கினால்தான் அந்தச் சிக்கல் வரும். நாய் சரியாகச் செய்து முடித்த பிறகுதான் கை தீனிப் பைக்குள் போக வேண்டும். புதிதாகக் கற்கும்போது ஒவ்வொரு முறையும் கொடுங்கள். பழகிய பிறகு, விட்டு விட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் நெரிசலான சாலைச் சந்திப்பு மாதிரி இடங்களில் மறுபடி தாராளமாகக் கொடுங்கள். அன்றைய சாப்பாட்டிலிருந்தே ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டால் எடையும் ஏறாது.

கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் குட்டிக் கருவி) கட்டாயமா? வாயால் பாராட்டினால் போதாதா?

எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கும் குட்டிச் சொல் ஒன்று போதும். நாய் சரியாக நின்ற நொடிக்கும் தீனி வாய்க்குப் போகும் நொடிக்கும் நடுவில் அது தலையைத் திருப்பியிருக்கும், தரையை மோந்திருக்கும். எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அந்தச் சத்தம்தான் 'இதற்காகத்தான்' என்று சொல்லிக் கொடுக்கிறது.

எனக்குப் பார்வை இல்லை. நாய் சரியாகச் செய்ததை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கையே சொல்லும். நடக்கும்போது ஹார்னஸ் (நாயின் உடம்பில் மாட்டும் வார்) கைப்பிடியில் முன்னோக்கி லேசான இழுப்பு இருக்கும். நடைபாதை விளிம்பு வந்ததும் அந்த இழுப்பு தளர்ந்து நின்றுவிடும். உடனே ஒரு காலை மெதுவாக முன்னால் நகர்த்தி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இருக்கிறதா? அப்போது பாராட்டுச் சொல், பிறகு தீனி. தீனியை உங்கள் இடது காலை ஒட்டியே கொடுங்கள். கையை முன்னால் நீட்டினால் நாயும் ஓர் அடி முன்னால் வரும், அது சாலைக்குள் வைக்கும் அடி. எங்கே கொடுக்கிறீர்களோ அங்கேதான் நாய் நிற்கப் பழகும்.

விளிம்பைத் தாண்டிவிட்டால் திட்ட வேண்டாம். சில அடி பின்னால் வந்து, மறுபடி நடந்து, அது நிற்கும்போது கொடுங்கள்.

பழைய வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளிகள் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துத்தான் பழக்கின. அந்த நாய்களும் நன்றாகத்தானே வழிகாட்டின?

வழிகாட்டின, மறுக்கவில்லை. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, பல பத்தாண்டுகள் கண்டித்துத் திருத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. ஆனாலும் வெகுமதி முறைதான் பாதுகாப்பானது என்று உறுதியாகச் சொல்வேன். இந்த வேலையின் உச்சம், சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது. 'போ' என்கிறீர்கள், சத்தமில்லாமல் ஒரு கார் திரும்புகிறது. நாய் அசையக் கூடாது. மறுத்தால் அடி விழும் என்று பயந்து வளர்ந்த நாய்க்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

இதைப் பழக்க, சக பயிற்சியாளர் ஒருவர் காரை மெதுவாகக் குறுக்கே ஓட்டி வருவார். 'போ' என்ற பிறகும் நாய் நின்றாலோ பின்வாங்கினாலோ, அன்றைய மிகப் பெரிய பரிசு அதற்குத்தான்.

அப்படியென்றால் சிக்னல் விளக்கையும் நாயே பார்த்துக்கொள்ளுமா?

இல்லை. வண்டிகளின் ஓட்டத்தைக் காதால் கேட்டு, எப்போது கடப்பது என்று முடிவு செய்வது நீங்கள்தான். ஆபத்து என்றால் தடுப்பது மட்டுமே அதன் வேலை.

நான் வளர்க்கும் பயிற்சிக் குட்டி மற்ற நாய்களைப் பார்த்தால் பாய்கிறது. தீனியைக்கூடத் தொடுவதில்லை.

தீனியை மறுக்கிறது என்றாலே நீங்கள் மிகவும் அருகில் நிற்கிறீர்கள். அது சாப்பிடும் தூரம் வரை பின்னால் போங்கள். மற்ற நாயைப் பார்த்த நொடியில், பாயும் முன்பே, பாராட்டுச் சொல்லும் தீனியும் வரட்டும். சில நாளில் பார்த்ததும் உங்கள் பக்கம் திரும்பும். அப்புறம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

ஹார்னஸைப் போட்டால் சிலை மாதிரி நின்றுவிடுகிறது.

மாட்டாதீர்கள், நீட்டிப் பிடியுங்கள். அது தானாகத் தலையை உள்ளே நுழைத்தால் தீனி. வார் உடம்பில் பட்டால் தீனி. கொக்கி மாட்டும் சத்தத்துக்கும் தீனி. கைப்பிடியின் கனம் கடைசியில்தான். பல வாரம் இப்படிப் பொறுமையாகச் செய்த பிறகும் ஹார்னஸைக் கண்டதும் விலகிப் போனால், அந்த நாய்க்கு இந்த வேலை வேண்டாம். நல்ல வீடு ஒன்று பாருங்கள்.