சாக வேண்டிய இடத்தில் ஒருவர் தப்பிப் பிழைத்தால், அது கடவுள் தலையிட்டதற்குச் சான்றா?

இல்லை என்பதுதான் என் பதில். கோயில் பக்கமே போகாதவன் சொல்வதாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் திருகோணமலைச் சிவன் கோயிலான கோணேசர் மலை ஏறுகிறவன் நான், நீங்கள் கேட்கிற மாதிரியே தப்பிப் பிழைத்தவனும்கூட.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். எனக்கு அப்போது 10 வயது. திருவெம்பாவை நாட்கள் என்பதால் அம்மா விடியப்புறமே பூசைக்குப் போய்விட்டார். நானும் அடுத்த வீட்டுக் கூட்டாளியும் திருகோணமலைக் கரையில், எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த வாடியடியில் (மீன்பிடிக் கொட்டிலடியில்) விளையாடிக்கொண்டிருந்தோம். சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது, அது எங்கள் கரையில் ஒருவருக்கும் தெரியாது. சுனாமி என்ற சொல்லையே அதன் பிறகுதான் கேள்விப்பட்டோம். அலை என்று சொல்கிறார்கள், நான் கண்டது அலை இல்லை, கடல் அப்படியே எழும்பி நடந்து வந்தது, கறுப்புத் தண்ணீர், அதற்குள் கதவு, கதிரை, படகு எல்லாம்.

வாடியில் காயப்போட்டிருந்த வலையைத் தடியோடு பிடுங்கிக்கொண்டு வந்த தண்ணீர் எங்கள் இருவரையும் அதற்குள் சுருட்டியது. வலை போய் ஒரு பூவரசில் சிக்கியது. தண்ணீர் திரும்பக் கடலுக்கு இழுத்தபோது அது இறுகிக்கொண்டது, எங்களை விடவில்லை. நான் அகப்பட்டது மிதவை கட்டிய பக்கம், அவன் அகப்பட்டது ஈயம் கட்டிய பக்கம். இவ்வளவுதான் வித்தியாசம். நைலோன் நூல் வெட்டிய தழும்பு என் கணுக்காலில் இன்றும் இருக்கிறது. அவனை மத்தியானம் எடுத்தார்கள்.

கோணேசர் போட்ட உயிர் என்று அம்மா சொன்னார். நான் பூசைக்குப் போகாமல் நின்றிருந்தால் உன்னைப் பறிகொடுத்திருப்பேன் என்றும் சொன்னார். நானும் பல வருடம் அப்படியே நம்பினேன், சொல்லப்போனால் அந்த நம்பிக்கை என்னைத் தாங்கியது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. அவனுடைய அம்மாவும், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், அந்த மார்கழி முழுக்கப் பூசைக்குப் போனவர்தான். அன்று காய்ச்சலால் நின்றுவிட்டார், அவ்வளவுதான். வலையைப் பிடித்தது கடவுளின் கை என்றால் அந்த வலையில் இரண்டு பிள்ளைகள் இருந்தோம். ஒரு முனையைச் சான்றாக எடுத்துக்கொண்டு மற்ற முனையை விதி என்று தள்ளிவைப்பது கணக்கே இல்லை.

நான் இப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், அதனால் இதை இப்படிப் பார்க்கிறேன். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்துபோன ஒரு காலையில், தண்ணீரில் அகப்பட்டவர்களில் யாரோ சிலர் மரத்திலும் கூரையிலும் மிதந்து வந்த மெத்தையிலும் தங்குவார்கள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அது யார் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. தங்கியவரிடம் போய்க் கேட்டால் தன் கதை நடக்கவே முடியாத கதை என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்வேன், அது பொய்யும் இல்லை. ஆனால் பேச உயிரோடு இருப்பவர்களை மட்டும் கேட்டு எடுக்கிற முடிவு அது. உயிருக்காகக் கும்பிட்டுக் கேட்டும் அது கிடைக்காமல் போனவர்களை யார் கேட்பது? எங்களுக்குப் பக்கத்து ஊரான கிண்ணியாவில் வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்தது. அங்கே கட்டிலில் கிடந்தவர்கள் அல்லாஹ்வைக் கூப்பிடாமலா இருந்திருப்பார்கள்?

அதே நாள் வேளாங்கண்ணியில் மாதா கோயில் தப்பியது, கோயிலைச் சுற்றியும் கரையிலும் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். இந்தோனேசியாவின் அச்சேயில் லாம்புக் என்ற ஊரில் சுற்றியிருந்ததெல்லாம் அழிய ஒரு பள்ளிவாசல் மட்டும் நின்றது. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கட்டடத்தைக் காட்டி இதோ பார் என்கிறார்கள். உறுதியான தூண், உயரமான நிலம், கடலடியின் ஆழம், இவைதான் மூன்று சமயத்துக்கும் பொதுவாக நின்று விளக்கம் சொல்கின்றன. எங்கள் கோணேசரும் பாறை உச்சியில் இருக்கிறார், தண்ணீர் அங்கே ஏறியிருக்கவே முடியாது.

இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். அவர்களிடம் நான் கோணேசர் கோயிலின் கதையையே சொல்வேன். சம்பந்தர் பாடிய தலம் அது. 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள், அந்தக் கல்லைக் கோட்டை கட்ட எடுத்தார்கள், இன்று மலைக்குப் போகிற நாங்கள் அந்தக் கோட்டை வாசலால்தான் நுழைகிறோம். மறைத்துவைத்த விக்கிரகங்கள் சில 1950இல் கிணறு தோண்டும்போது வெளியே வந்தன. இத்தனை காலத்தில் இடிபட்டதைக் காட்டிக் கோணேசர் இல்லை என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் முடிவு கட்டவில்லை. சரி, அப்படியென்றால் கோயில் இடிந்தது அவருக்கு எதிரான சான்று இல்லை, நான் தப்பியது மட்டும் அவருக்குச் சாதகமான சான்றா? அழிவைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் தப்பியதையும் சேர்க்கக் கூடாது.

அதற்காக நான் நன்றி சொல்வதை நிறுத்திவிடவில்லை. நன்றிக்குச் சான்று தேவையில்லை. காலையில் எழும்பி மூச்சு வருகிறது என்று கைகூப்புகிறேனே, அதற்கு யாரும் நிரூபணம் கேட்பதில்லை. ஆனால் என்னைக் கடவுள் தெரிந்தெடுத்தார் என்று சொன்ன அந்த நிமிடமே, அவனை விட்டுவிட்டார் என்றும் சொல்லியாகிறது. சொல்கிறவர்கள் அதை நினைத்துச் சொல்வதில்லை, தெரியும். கேட்கிறவருக்கு அது அப்படித்தான் விழும். ஒரு முறை மாமி என்னிடம் கேட்டார், “தம்பி, நான் என்ன குறை வச்சனான் எண்டு கோணேசர் அவனை விட்டவர்?” அந்தக் கேள்வியை அவருக்குள் போட்டது கடல் இல்லை, நாங்கள் சொல்லித் திரிந்த என் கதைதான்.

ஒவ்வொரு டிசம்பர் 26உம் காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். நானும் அம்மாவும் மாமியும் அப்போது கரையில்தான் நிற்போம். அது முடிந்து மாமி எங்கள் வீட்டில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் வலைக் கதையை முதலிலிருந்து சொல்லி என் காலையும் காட்டுகிற அம்மா, மாமி வந்திருக்கும்போது அதை ஒரு நாளும் எடுத்ததில்லை.